பீரோ சாவி யாரிடம் இருக்கிறது?

3.6.2024 (கேள்வி)

ஒரு கிளை நூலகத்தில் பொறுப்பேற்று மூன்று வாரம் ஆகிறது. மொத்தம் 14 பீரோ. அதில் 9 பூட்டியே கிடக்கின்றன. வாசகர் கேட்டால் சாவியை எடுத்துத் திறந்து, அவர் பின்னாலேயே நின்று, மறுபடியும் பூட்டுகிறோம். பெரும்பாலும் யாரும் கேட்பதே இல்லை. எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடலாம் என்றேன். கூட இருக்கும் உதவியாளர் அண்ணனுக்கு இருபது வருட சர்வீஸ். "திறந்தா தொலையும், தொலைஞ்சா உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க, அப்புறம் உங்க இஷ்டம் சார்" என்கிறார். மேலே கேட்டால் "பார்த்துச் செய்யுங்க" என்கிறார்கள். போன மாதம் தலைமைப் பண்புக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் பீரோ பற்றி ஒன்றும் வரவில்லை. ஓய்வுபெற்ற நூலகர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

3.6.2024, இரவு

நான் ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது தம்பி. சுருக்கமாகச் சொல்கிறேன்: இப்போதைக்குத் திறக்காதீர்கள். முதலில், சார்ஜ் எடுத்தபோது புத்தகங்களை எண்ணி வாங்கினீர்களா, பட்டியலின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து மட்டும் போட்டீர்களா? எண்ணவில்லை என்றால் உங்களுக்கு முன்னால் காணாமல் போனதும் இன்று உங்கள் கணக்குதான்.

அப்புறம், அந்த அண்ணனை வில்லனாக்கிவிடாதீர்கள். அவர் எதையோ பார்த்திருக்கிறார்.

4.6.2024

காலையில் எழுந்ததும் இதே நினைப்பு. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் முதல் பணியிடம் டெல்டாப் பக்கம் ஒரு சின்ன ஊர். எனக்கு முன்னால் அங்கே 14 வருடம் இருந்தவர் ஓய்வுபெற்றதால்தான் எனக்கு அந்த இடம் கிடைத்தது. நல்ல மனிதர். பிள்ளைகளுக்குக் கதை சொல்வார், பரீட்சை நேரத்தில் இரவு எட்டரை வரைக்கும்கூட விளக்கை அணைக்க மாட்டார் என்று ஊரில் சொன்னார்கள். சார்ஜ் ஒப்படைக்க எண்ணியபோது 212 புத்தகங்கள் குறைந்தன. தடையின்மைச் சான்று கிடைக்கவில்லை. அது இல்லாமல் பணிக்கொடை வராது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? வாரத்துக்கு ஒருமுறை மஞ்சள் பையோடு வருவார். பழைய புத்தகக் கடைகளில் அதே தலைப்பைத் தேடிப் பிடித்து வாங்கி வந்து என் மேசையில் அடுக்குவார். நான், 26 வயதுப் பெண், நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் எழுதிவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டை விரித்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பேன். ஒருநாள் ஒரு நாவல். பதிவேட்டில் மூன்றாம் பதிப்பு, அவர் கொண்டுவந்தது ஐந்தாம் பதிப்பு. "பதிப்பு வேற சார்" என்றேன். "கதை அதேதாம்மா" என்றார். நான் மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அவர் அந்தப் புத்தகத்தை மறுபடியும் மஞ்சள் பைக்குள் வைத்த விதம் இருக்கிறதே, பைக்குள் முதலில் கையை விட்டு இடம் பண்ணிவிட்டு, அட்டை மடங்காமல் இறக்கினார். தொலைந்ததாக எழுதியிருந்த புத்தகத்துக்குப் பதிலாக, தன் காசில் வாங்கிய புத்தகத்தை, நூலகத்துப் புத்தகம் போலவே நடத்தினார்.

அன்று சாயங்காலமே மூன்று பீரோவைப் பூட்டினேன். யாரும் சொல்லவில்லை. நானேதான் பூட்டினேன். ஒரு நூலகத்துக்கு அதன் சுபாவம் இப்படித்தான் வருகிறது. சுற்றறிக்கையில் வருவதில்லை.

4.6.2024, மதியம்

பழைய டைரியைப் பார்த்தேன். 212 இல்லை, 187. இத்தனை வருடத்தில் மனசு 25 புத்தகத்தைக் கூடுதலாகத் தொலைத்திருக்கிறது.

6.6.2024

விதி என்று ஒன்று இருக்கிறதா என்று தம்பி கேட்டிருக்கிறார். இருக்கிறது. பொது நிதி விதிகள் 2017, விதி எண் 215. நூலகப் புத்தகங்களின் இருப்புச் சரிபார்ப்பு பற்றியது. 20,000 வரை புத்தகம் உள்ள நூலகத்தில் வருடா வருடம் முழுதாக எண்ண வேண்டும். 20,000க்கு மேல் 50,000 வரை என்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது. அதற்கு மேல் மாதிரிச் சரிபார்ப்பு போதும். முக்கியமான வரி இதற்கு அடுத்தது: ஒரு வருடத்தில் வழங்கிய, எடுத்துப் பார்த்த புத்தகங்களில் ஆயிரத்துக்கு ஐந்து வீதம் தொலைந்தால் அது நியாயமான இழப்பு. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ளதும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

இதை இரண்டாம் தடவை படியுங்கள். ஆயிரத்துக்கு ஐந்து என்பது அலமாரியில் இருக்கிற புத்தகத்துக்குக் கணக்கில்லை, புழங்கிய புத்தகத்துக்குக் கணக்கு. நீங்கள் ஒரு நாளைக்கு 40 புத்தகம் கொடுத்தால், 300 நாளில் 12,000. வருடத்துக்கு 60 புத்தகம் வரை நியாயமான இழப்பு. பூட்டி வைத்திருந்தால்? புழக்கம் பூஜ்யம், சலுகையும் பூஜ்யம். நம் ஆட்கள் விதிக்குப் பயந்து பூட்டுகிறார்கள், விதியோ திறந்து வைத்தவன் பக்கம் நிற்கிறது.

மஞ்சள் பைக்காரருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 14 வருடத்தில் 187 என்றால் வருடத்துக்குப் பதின்மூன்று சொச்சம். போட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

7.6.2024

திருத்தம். பழைய சகா ஒருவர் போனில் பிடித்துக்கொண்டார். "அது மத்திய அரசு விதி. உன் கிளை நூலகம் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் கீழ் வருவது. பையனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து மாட்டிவிடாதே." சரிதான். நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேலே எழுதும் கடிதத்தில் முன்மாதிரியாகக் காட்டலாம். காட்டி, "எங்களுக்கு என்ன அளவு என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வாயால் கேட்டால் "பார்த்துச் செய்யுங்க" என்றுதான் வரும். "பார்த்துச் செய்யுங்க" என்பதற்கு அர்த்தம், நன்றாக வந்தால் நாங்கள் செய்தோம், கெட்டால் நீங்கள் செய்தீர்கள்.

அந்த சகாவும் தன் காலத்தில் பூட்டிய ஆசாமிதான். அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்.

15.6.2024

தலைமை பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் பார்த்த ஒரே ஒரு தலைமையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், இருக்கிறாரோ இல்லையோ தெரியாது.

மாவட்ட நூலக அலுவலராக வந்தவர். ஆய்வுக்கு வருகிறார் என்றால் நாங்கள் முந்தின நாளே தரையைக் கழுவி, பதிவேடுகளுக்குப் புது அட்டை போட்டு வைப்போம். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. தினசரி படிக்கிற பெஞ்சில் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் பேப்பர் படித்தார். எழுந்து, "மின்விசிறி காத்து இந்தப் பக்கம் வரல" என்றார். பிறகு பூட்டிய பீரோவைத் திறக்கச் சொன்னார். பதிவேட்டைக் கேட்கவே இல்லை. ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பி, புத்தகம் கொடுக்கும்போது தேதி முத்திரை குத்தும் டேட் ஸ்லிப்பைப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. இன்னொன்று, அதுவும் வெள்ளை. ஏழாவது புத்தகத்தில் ஒரே ஒரு முத்திரை, பதினொரு வருடத்துக்கு முந்தையது. நான்காம் தட்டிலிருந்து ஒன்றை இழுத்தார். அது வரவில்லை, அட்டை மட்டும் கையோடு வந்தது. பீரோவின் முதுகு ஈரச்சுவரை ஒட்டி இருந்ததில் கரையான் பின்பக்கமாக ஏறி, முதுகு முதுகாகத் தின்றிருந்தது. கரையான் விட்டுவைத்ததில் இராமபாணப் பூச்சி. முன்னாலிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் வரிசையாக, அழகாக இருக்கும். அந்த வருட இருப்புச் சரிபார்ப்பில் அந்தப் பீரோவுக்கு "குறைவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன், நான்தான்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் பதிவேட்டை வாங்கி, ஆய்வுக் குறிப்புப் பக்கத்தில், இன்ன தேதி முதல் அடுக்குகள் அனைத்தையும் வாசகருக்குத் திறந்துவைக்கத் தாமே உத்தரவிட்டதாகத் தன் கையால் எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையும் போட்டார். "தொலைஞ்சா இந்தப் பக்கத்தைக் காட்டும்மா" என்றார். மூன்று வரி. என் 32 வருட சர்வீஸில் எனக்குக் கிடைத்த தலைமைப் பயிற்சி அந்தப் பக்கம்தான்.

அவர் ஒன்றரை வருடத்தில் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது அவருடைய உத்தரவு" என்றார். சரி, அந்தக் கதை வேண்டாம்.

16.6.2024

கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "தலைமை, குழு என்றெல்லாம் பேசுகிறீர்கள். நான் ஊர்ப்புற நூலகர். திறப்பதும் நான், பெருக்குவதும் நான், பேப்பருக்கு நூல் கோத்துக் கட்டுவதும் நான். எனக்கு யார் தலைவர், நான் யாருக்குத் தலைவர்?"

அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்திருக்கிறது. மாவட்டத் தலைநகரில் இருந்துகொண்டு அலுவலகக் கலாச்சாரம் பேசுவது எளிது. தனி ஆளாக இருக்கும் நூலகத்தில் கலாச்சாரம் என்றால் பூட்டும் திறப்பு நேரமும்தான். நீங்கள் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் அந்த ஊருக்கு அன்று நூலகம் கிடையாது.

20.6.2024

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைப் பாருங்கள், எல்லாம் திறந்த அடுக்கு என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். பார்த்திருக்கிறேன், அழகுதான். 2010இல் திறந்த கட்டடம், எட்டு மாடிக்கு மேல், காவலுக்கு ஆள், கேமரா. தம்பியின் கிளையில் இரண்டு பேரும் ஒரு மின்விசிறியும்.

அதைவிட, 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஓடியதே, அது எனக்கு நெருக்கம். வண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாக விட்டவர்கள் தொலையும் என்று யோசிக்காமலா இருந்திருப்பார்கள்? மேடு பள்ளத்தில் கீழே விழுந்தே நாலு போயிருக்கும்.

2.7.2024

சிரிக்க ஒன்று. அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 19ஆம் நூற்றாண்டில் சிப்லி என்று ஒரு நூலகர். அவரைப் பற்றி நூலகர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. ஒருநாள் முகமெல்லாம் மலர்ச்சியாக வளாகத்தில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாராம். என்ன இவ்வளவு சந்தோஷம் என்று கேட்டதற்கு, இரண்டைத் தவிர எல்லாப் புத்தகமும் உள்ளே வந்துவிட்டது, அந்த இரண்டும் பேராசிரியர் அகாசியிடம் இருக்கின்றன, அதை வாங்கத்தான் போகிறேன் என்றாராம்.

வகுப்பில் இதைக் கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டு வருடத்தில் நான் சிப்லி ஆகியிருந்தேன். ஜூன் மாதச் சரிபார்ப்புக்காக, கடன் வாங்கிய பள்ளி ஆசிரியர் வீட்டுக்கு நானே சைக்கிளில் போய்ப் புத்தகத்தை வாங்கி வந்திருக்கிறேன். அவர் பாதி படித்திருந்தார். பக்கத்தில் அடையாளமாக வைத்திருந்த பஸ் டிக்கெட்டோடு வாங்கி வந்துவிட்டேன்.

9.7.2024

நேற்று யாரோ புள்ளிவிவரம் பற்றிக் கேட்டார்கள். சொன்னால் பழைய ஆட்கள் கோபித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

வருகைப் பதிவேட்டில் பேப்பர் படிக்க வருபவர் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. காலையில் பத்துப் பேர் ஒரே பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் போய்க் கையெழுத்துக் கேட்டால் தாளுக்கு மேலே கண் மட்டும் தெரியும். மாதக் கடைசியில் அறிக்கை அனுப்ப வேண்டும். கூட்டம் என்று எங்களுக்கு நடந்ததெல்லாம் அந்த அறிக்கை கொடுக்கும் நாள்தான். "போன மாசத்தை விடக் குறைஞ்சிருக்கே" என்று ஒரே ஒரு கேள்வி வரும். இரண்டு தடவை அதைக் கேட்டால் மூன்றாவது மாதம் எண்ணிக்கை தானாக ஏறிவிடும். என் பக்கத்துக் கிளை நூலகர் வருகையை மாதம் பத்துப் பத்தாக ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் அந்த ஊர் மக்கள்தொகையை நெருங்கிவிட்டதால், கொஞ்ச நாள் ஊரில் அம்மைக் காய்ச்சல் என்று எழுதி இறக்கினார்.

இதில் பொய் சொன்னவரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். குறைந்தது ஏன் என்று ஒரு தடவையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்: பக்கத்துச் சாராயக்கடைக்கு வரும் கூட்டத்தால் பெண்பிள்ளைகள் வருவதில்லை. அதைக் கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

12.8.2024

இன்று நூலகர் தினம். இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லும் எஸ்.ஆர். ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டிருப்பார்கள், நூலகத்துக்கு அவர் வகுத்த ஐந்து விதிகளையும் யாராவது ஒப்பித்திருப்பார்கள். முதல் விதி: நூல்கள் பயன்பாட்டுக்கே. 1931இல் எழுதியது. அதை விளக்க அவர் எடுத்துக்கொண்டதே, ஐரோப்பாவில் ஒருகாலத்தில் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்த கதையைத்தான். எங்கள் ஊர்களில் விழா நடக்கும் மேசைக்குப் பின்னாலேயே பூட்டிய பீரோ நிற்கும்.

அவர் மேல் எனக்கு ஒரு சின்ன வருத்தமும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த இருபது வருடமும் விடுப்பே எடுத்ததில்லை, கல்யாணத்தன்று மதியமே வேலைக்கு வந்துவிட்டார், பனாரஸ் பல்கலைக்கழகத்தில் சுமார் 1 லட்சம் நூல்களைத் தனியாளாகவே வகைப்படுத்தினார் என்றெல்லாம் சொல்வார்கள். மேதை. ஆனால் இதை மேடையில் சொல்லிச் சொல்லி, நல்ல நூலகர் என்றால் வீட்டை மறந்தவர் என்று ஆக்கிவிட்டோம். அப்படிப்பட்டவரிடம் போய், பிள்ளைக்குக் காதுகுத்து, ஒருநாள் தற்செயல் விடுப்பு வேண்டும் என்று எந்தக் கடைநிலை ஊழியர் கேட்பார்? கணக்கு வாத்தியாராக இருந்து 1924இல் நூலகத்துக்கு வந்த புதிதில், வேலை பிடிக்காமல் மறுபடி கல்லூரிக்கே போய்விடப் பார்த்தாராம். அந்தக் கதையை யாரும் மேடையில் சொல்வதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதுதான் தைரியம் தரும்.

13.8.2024

நேற்று கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேனோ என்று இருந்தது. படித்துப் பார்த்தேன். விடுப்பு பற்றிச் சொன்னது இருக்கட்டும். அந்த வரியை எழுத எனக்கு அருகதை உண்டா என்பதுதான் கேள்வி.

ஒன்பது வருடம் ஒரு முதல்நிலை நூலகத்தில் தலைமையில் இருந்தேன். ஆறு பேர் எனக்குக் கீழே. அடுக்குகள் திறந்துதான் இருந்தன, அதில் பெருமை. ஆனால் குறிப்புதவி அறை, அதாவது அங்கேயே உட்கார்ந்து பார்க்க வேண்டிய நூல்கள் உள்ள அறை, அதன் சாவி என் கைப்பையில். யாரிடமும் கொடுக்க மாட்டேன். ஒருநாள் தம்பி மகள் சடங்குக்குத் தஞ்சாவூர் போய்விட்டேன். அன்று போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பதினைந்து பேர் வந்து, அறை வாசலில் மதியம் வரை உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாள் உதவியாளர் பெண்ணிடம், "பக்கத்துல பூட்டுக்காரர் இருக்காரே, கூப்பிட்டிருக்கலாமே" என்று கத்தினேன். அவள் சொன்னாள், "சாவி இல்லாம திறந்தா நீங்க என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்."

அன்றைக்கு மாற்றுச் சாவி செய்தேன். 40 ரூபாய்.

1.9.2024

தம்பி எழுதியிருக்கிறார். இரண்டு பீரோவை மட்டும் திறந்தாராம். எந்த இரண்டு என்று உதவியாளர் அண்ணனையே தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறார். இது எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் தேர்ந்தெடுத்தது சிறுவர் நூலும் சமையல், தோட்டக் கலையும். காரணம் கேட்டதற்கு, "இதைத் திருடுறவன் வீட்டுல பிள்ளை படிக்கும், இல்லாட்டி சாப்பாடு நல்லா இருக்கும், போனாப் போகட்டும்" என்றாராம். இருபது வருடம் பூட்டிக்கொண்டிருந்த மனிதர்!

இரண்டரை மாதத்தில் மூன்று புத்தகம் காணோம், ஒன்று திரும்பி வந்துவிட்டது. மேலே கடிதமும் போட்டிருக்கிறார், பதில் இல்லை. பதில் வராது. கடிதத்தின் நகலில் தபால் முத்திரை இருக்கட்டும், பத்திரம்.

4.9.2024

மஞ்சள் பைக்காரர் கதையில் பாதியை மறைத்துவிட்டேன். எழுதிவிடுகிறேன்.

அவர் 187க்கு 140க்கு மேல் ஈடு கட்டினார். மீதிக்குப் பணம் கட்டிச் சான்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் கழித்து அந்த நூலகம் வாடகைக் கட்டடத்திலிருந்து மாறியது. பரண்மேல் கிடந்த பழைய வார இதழ்க் கட்டுகளை இறக்கினோம். கட்டுகளுக்கு நடுவே, எப்போதோ பைண்டிங்குக்கு அனுப்ப எடுத்து வைத்து மறந்துபோன ஒரு சாக்கு. அதில் 31 புத்தகங்கள். எல்லாம் அந்த 187இல் உள்ளவை. அந்த மூன்றாம் பதிப்பு நாவலும் இருந்தது.

மேலே கேட்டேன். "கணக்கு முடிஞ்சு போச்சு, இப்ப எதுக்குக் கிளறுறீங்க? கூடுதல் பிரதின்னு ஏத்திக்குங்க" என்றார்கள். ஏற்றினேன். அவர் வீடு நூலகத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். அதற்குப் பிறகும் அவ்வப்போது பேப்பர் படிக்க வருவார், நாற்காலியை இழுத்துப் போடும்போது சத்தம் வராமல் தூக்கி வைப்பார். நான் சொல்லவில்லை. சொன்னால் பணம் திரும்பக் கேட்பார், விசாரணை வரும், என் பெயரும் வரும் என்று பயம். மாற்றலாகிப் போகும்வரை சொல்லவில்லை.

4.9.2024, இரவு

ஆறுதல் சொல்லி எழுதியவர்களுக்கு: வேண்டாம். பைண்டிங்குக்கு எடுக்கும் புத்தகத்துக்குத் தனி நோட்டு போடுங்கள், அதுபோதும்.

22.9.2024

தம்பியிடமிருந்து செய்தி. ஏழு பீரோ திறந்தாயிற்று. எட்டாவதில் அரிய நூல்கள், அதைப் பூட்டியே வைக்க இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள், சரிதான். ஒன்பதாவதைத் திறக்க முடியவில்லை. சாவிக்கொத்தில் உள்ள எந்தச் சாவியும் பொருந்தவில்லை. இரண்டு நாள் தேடியபின் உதவியாளர் அண்ணன் மெதுவாக உண்மையைச் சொன்னாராம்: அந்தச் சாவி தொலைந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று சொல்லவில்லை.

நாளைக்குப் பூட்டுக்காரர் வருகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். பீரோவின் முதுகு சுவரை ஒட்டியா இருக்கிறது என்று கேட்டேன். ஆமாம் என்றார்.